அப்பா போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறார்

கேள்வி (2021 கொரோனா பயணத்தடைக் காலத்தில் வந்தது): என் பெற்றோர் திருகோணமலை உப்புவெளியில் தனியாக இருக்கிறார்கள். அப்பாவுக்கு 79 வயது, பிரஷர் இருக்கிறது. அம்மாவுக்கு 72, சீனி வருத்தம். நான் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன். கொரோனா பயணத்தடையால் புதுவருசத்துக்குப் பிறகு ஊர்ப்பக்கம் போகவே முடியவில்லை. ஒவ்வொரு இரவும் பிள்ளைகளோடு வட்ஸ்அப்பில் வீடியோ கோல் எடுக்கிறோம். அம்மா நன்றாகக் கதைப்பார். அப்பாவோ, "ஓம், ஓம், சுகமா இருக்கிறம்" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுகிறார். முன்பு வாய் ஓயாமல் கதைப்பவர். இது மனச்சோர்வா?

பதில்: மனச்சோர்வாக இருக்கலாம். ஆனால் அதற்கு முன் அவருடைய காதைச் சந்தேகியுங்கள்.

வயது போகப் போகக் காது மந்தமாகும்போது, உயர்ந்த சுருதி ஒலிகள்தான் முதலில் விடுபடும். பெண்களின் குரலும் பிள்ளைகளின் குரலும் அந்த வகை. சத்தம் கேட்கும், சொல் விளங்காது. அதிலும் போன் ஸ்பீக்கரில், இணையம் விட்டு விட்டு வர, மூன்று பேரப்பிள்ளைகள் ஒரே நேரத்தில் "தாத்தா, தாத்தா" என்று கத்தினால் எந்தத் தாத்தாவும் "ஓம், ஓம்" என்றுதான் சொல்வார். பிழையாகப் பதில் சொல்லி வெட்கப்படுவதைவிடப் போனைக் கைமாற்றிவிடுவது அவருக்குச் சுகம். நேரில் இருந்தபோது உங்கள் வாயசைவைப் பார்த்து அவர் சமாளித்திருப்பார். அதனால் உங்களுக்கும் தெரிந்திருக்காது.

இதைத் தூரத்திலிருந்தே ஓரளவு பார்க்கலாம். வீட்டில் டிவி சத்தம் கூடியிருக்கிறதா, அம்மா கிட்டப் போய்ச் சொன்னால் உடனே விளங்குகிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். பிறகு ஒரு நாள் காலையில், பிள்ளைகள் இல்லாமல், நீங்கள் மட்டும் எடுங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். அப்பாவை இயர்போன் போடச் சொல்லுங்கள். கத்தாமல், குரலின் சுருதியைக் கொஞ்சம் தாழ்த்தி, ஆறுதலாகப் பேசுங்கள். கதை பழையபடி வந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. காதுக்குறும்பி அடைத்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும். சூடான எண்ணெய் விடுவதோ பஞ்சுக்குச்சியால் கிண்டுவதோ வேண்டாம். மருத்துவரிடம் காட்டி எடுப்பதே நல்லது.

இயர்போன் போட்டும் பேச்சில் நாட்டமில்லையா? அப்போது மனதைப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேலாகச் சாப்பாடு குறைவது, விடியப்புறம் மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு படுத்திருப்பது, பேப்பரைக்கூடத் தொடாமல் இருப்பது மனச்சோர்வின் அடையாளங்கள். "இனி நான் இருந்து என்ன" என்ற பேச்சு வந்தால், வயசானவர் அலுப்பில் சொல்கிறார் என்று விட்டுவிடாதீர்கள். உடனே மருத்துவரிடம் பேசுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, அவசரமானது அதுதான். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் ஓரிரு நாளில் தடுமாறுகிறார், பகலில் தூங்கி வழிகிறார், இரவில் எழும்பி நடக்கிறார், ஆள் மாறிக் கதைக்கிறார் என்றால் அது மனச்சோர்வும் அல்ல, வயதும் அல்ல. உடம்பில் ஏதோ நடக்கிறது. சிறுநீர்த் தொற்று, இரத்தத்தில் உப்புக் குறைவு, புதிதாகத் தொடங்கிய குளிசை என்று பல காரணங்கள் இருக்கலாம். கொரோனாவும் முதியவர்களில் காய்ச்சலோ இருமலோ இல்லாமல் இப்படித் தலைகாட்டுவதுண்டு. காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். பக்கத்து வீட்டார் ஒருவரின் இலக்கம் உங்கள் போனில் இருக்கட்டும், வீட்டுத் திறப்பு ஒன்று அவரிடம் இருக்கட்டும்.

இனி அம்மா. நன்றாகக் கதைக்கிறார் என்பதால் நன்றாக இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளை கவலைப்படும் என்று எதையும் மறைக்கிற தாய்மார் எங்கள் ஊரில் அதிகம். "குளிசை போட்டீங்களா?" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் வரும். அதைவிட, குளிசைக் கார்டைக் கமராவுக்கு முன்னால் பிடிக்கச் சொல்லுங்கள். எத்தனை மீதி இருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக் போக முடியாத நாட்களில் மருந்தை வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு பற்றி ஆஸ்பத்திரியிலோ கிராம சேவகரிடமோ கேட்கலாம். சாப்பாட்டைத் தவறவிட்டுச் சீனிக் குளிசையை மட்டும் போட்டால் சில குளிசைகளால் சீனி ஆபத்தாக இறங்கிவிடும். வியர்த்து, கை நடுங்கினால் உடனே சீனி கரைத்த தண்ணீர் குடிக்க வேண்டும். கணுக்காலுக்கு மேலே விரலால் சில விநாடி அழுத்தி எடுக்கச் சொல்லிப் பாருங்கள். குழி அப்படியே நின்றால் அது நீர்வீக்கம், மருத்துவருக்குச் சொல்ல வேண்டிய சங்கதி.

ஒட்சிசன் பார்க்கும் சின்னக் கருவி வீட்டில் இருந்தால் நல்லது. ஐந்து நிமிடம் சும்மா இருந்த பிறகு, மருதாணி இல்லாத விரலில் மாட்ட வேண்டும். நாட்பட்ட நுரையீரல் நோய் இல்லாதவருக்கு 94க்குக் கீழே போனால், மூச்சுமுட்டல் இல்லாவிட்டாலும், மருத்துவரிடம் பேச வேண்டும்.

அப்புறம், தினமும் "சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா" என்று விசாரிப்பதோடு கோலை முடித்தால் யாருக்கும் அலுத்துப்போகும். அப்பாவுக்கு மட்டும் தெரிந்ததைக் கேளுங்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்க முதல் வாகனங்களைப் பாதையில் (மிதவைப் படகில்) ஏற்றிக் கடந்த கதை, மூதூருக்கு லோஞ்சில் போன கதை எல்லாம் அந்த வயதுக்காரர் யாரிடம் கேட்டாலும் வரும். அவர் சொல்வதைக் குரல்பதிவாக அனுப்பச் சொல்லுங்கள், பிள்ளைகளும் குரல்பதிவில் பதில் அனுப்பட்டும். விளங்காததை அவர் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை.

தடை நீங்கி நீங்கள் போகும்போது, உங்களுக்கோ பிள்ளைகளுக்கோ தடிமன், தொண்டைநோ இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், தடுப்பூசி இரண்டும் போட்டிருந்தாலும் சரி. போனதும் அப்பாவைக் காது கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கேட்கும் கருவி வேண்டாம் என்று முதலில் மறுப்பார். அந்த வேலையைப் பேரப்பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.