பேனா எங்கே நிற்கிறது?

கேள்வி: ஆங்கிலக் கட்டுரையை வீட்டில் எழுதினால் நன்றாகவே வருகிறது, டீச்சரும் பாராட்டுகிறார். தேர்வில் 40 நிமிடம் கொடுத்தால் பாதிகூட முடிவதில்லை. முடிவுரை இல்லாமலே தாளைக் கொடுத்துவிட்டு வருகிறேன். கையெழுத்தை வேகப்படுத்தினால் சரியாகிவிடுமா? (ஒரு பள்ளி மாணவன்)

பதில்: தம்பி, கையைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை. ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் 100 சொற்களை எண்ணி, அதை அப்படியே பார்த்து எழுது, எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள். ஆறு நிமிடத்துக்குள் முடிந்தால் உன் கைக்கு ஒரு குறையும் இல்லை. அந்த வேகத்தில் 300 சொல் கட்டுரைக்கு 18 நிமிடம் போதும், மிச்சம் 22 நிமிடம் கையில் இருக்க வேண்டும். அது இல்லை என்றால், நேரம் பேனா சும்மா நிற்பதில்தான் போகிறது. (பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் அது வேறு கதை. எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கு, அழுத்தாமலே எழுதும் பேனாவாகப் பார்த்து வாங்கு, தினம் ஒரு பத்தி பார்த்து எழுது.)

அடுத்த தடவை வீட்டில் கடிகாரம் வைத்து எழுதும்போது, பேனா நிற்கும் ஒவ்வொரு முறையும் ஓரத்தில் ஒரு புள்ளி வை. புள்ளிகள் எங்கே கூட்டமாக விழுகின்றன என்று பார்த்தால் நோய் தெரிந்துவிடும்.

பெரும்பாலும் முதல் வரியில்தான் விழும். பள்ளியில் நானும் இப்படித்தான், அட்டகாசமான ஒரு முதல் வரிக்காக மூன்று தடவை எழுதி மூன்று தடவை அடித்து, நிமிர்ந்து பார்த்தால் கால் மணி நேரம் காணாமல் போயிருக்கும். உனக்கு அந்தத் தொல்லையே வேண்டாம். மேலே ஐந்து வரி இடம் விட்டுவிட்டு, உனக்கு நன்றாகத் தெரிந்த கருத்திலிருந்து எழுத ஆரம்பி. மற்றதெல்லாம் முடிந்தபின் முன்னுரைக்குத் திரும்பி வா, என்ன சொல்லியிருக்கிறோம் என்பது அப்போது தெரியும் என்பதால் மூன்று வரி தானாக வரும்.

அடுத்த கூட்டம் வாக்கியத்தின் நடுவில். தமிழில் முழுசாக யோசித்துவிட்டு அதை ஆங்கிலமாக்கப் பார்க்கிறாய், அங்கேதான் சிக்கல். 'மழை பெய்ததால் விளையாடப் போக முடியாமல் வீட்டிலேயே கிடந்த என் தம்பி ஜன்னலை உடைத்துவிட்டான்' என்று நாம் சொன்னால் ஆள் கடைசியில் வருகிறான், உடைத்தது அதற்கும் கடைசியில். ஆங்கிலத்தில் ஆளும் வினையும் முன்னாலேயே வந்தாக வேண்டும், அதனால் மொத்த வாக்கியத்தையும் தலையில் சுமந்துகொண்டு பின்னாலிருந்து பிரிக்கிறாய். பேனா நிற்காமல் என்ன செய்யும்? தமிழில் யோசிப்பது தப்பே இல்லை, துண்டாக யோசி. மழை பெய்தது. விளையாடப் போக முடியவில்லை. தம்பி ஜன்னலை உடைத்தான். மூன்று சின்ன வாக்கியம், மூன்றும் சுலபமாக ஆங்கிலமாகும். திருத்துகிறவரைச் சோர்வடைய வைப்பது சிக்கிக்கொண்ட வாக்கியம்தான், சின்ன வாக்கியம் இல்லை.

எழுத்துக்கூட்டலுக்கும் நிற்காதே. நெசசரி (necessary) என்ற சொல்லில் ஒரு சி, இரண்டு எஸ். தேர்வில் அது மறந்துவிட்டால் நீட் (need) என்று போட்டு வாக்கியத்தை மாற்றிக்கொண்டு நகர்ந்துவிடு.

இதெல்லாம் சரியாக நடக்க, முதல் ஐந்து நிமிடம் கட்டுரையைத் தொடாதே. என்னடா இது, நேரமே இல்லை என்கிறேன், இவர் ஐந்து நிமிடத்தைப் பிடுங்குகிறார் என்று தோன்றும். கடைசிப் பக்கத்தில் குறிப்பு எழுதத்தான் அந்த நேரம், தமிழிலேயே எழுதலாம். ஆனால் 'நன்மைகள், தீமைகள்' என்று தலைப்பு மட்டும் போட்டு வைப்பது வெறும் வேலை, ஏனென்றால் பத்திக்குள் போனதும் என்ன எழுதுவது என்று மறுபடி முழிப்பாய். பள்ளியில் கைப்பேசி வேண்டுமா என்பது தலைப்பு என்றால், 'கவனம் சிதறும்: கணக்கு வகுப்பில் மெசேஜ் சத்தம் கேட்டு எல்லாரும் திரும்பிப் பார்த்தது' என்று காரணத்தையும் காட்சியையும் சேர்த்தே குறி. இப்படி மூன்று வரி இருந்தால் மூன்று பத்தி கையில் இருக்கிறது. கட்டுரைகளை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளச் சிலர் சொல்வார்கள், தலைப்பு கொஞ்சம் மாறிவிட்டால் அது காலை வாரிவிடும், அந்தப் பக்கம் போகாதே.

தினமும் முழுக் கட்டுரை எழுதிப் பழக வேண்டியதில்லை. ஒருநாள் ஏதாவது ஒரு தலைப்புக்கு ஐந்து நிமிடத்தில் குறிப்பு மட்டும், மறுநாள் அதில் ஒரு பத்தியைப் பத்து நிமிடத்தில், பேனாவை நிறுத்தாமல். வாரம் ஒருமுறை முழு 40 நிமிடம். அப்போது 33ஆவது நிமிடத்தில் எந்த வரியில் இருந்தாலும் சரி, அந்த வாக்கியத்தை முடித்துவிட்டு முன்னுரைக்கும் முடிவுரைக்கும் போய்விடு. மிஞ்சும் இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரு தடவை படித்துப் பார், தப்பு கண்ணில் பட்டால் ஒரே கோடு போட்டு மேலே எழுது, போதும்.

அப்புறம், உன் புள்ளிக் கணக்கை எனக்கு எழுதி அனுப்பு. முதல் பத்தியில்தான் அதிகம் இருக்கும் என்று பந்தயம் கட்டத் தயார்.