பயணப் படங்களைக் காட்டினால் எல்லோரும் "சூப்பர்" என்கிறார்கள். உருப்படியான கருத்து வாங்குவது எப்படி?

மொத்த ஆல்பத்தையும் கொட்டி "எப்படி இருக்கு?" என்றால் வேறென்ன சொல்வார்கள்? மூன்று நான்கு படம் போதும். மலையேறி மூச்சு வாங்கியது உங்களுக்குத்தான் நினைவிருக்கும். பார்ப்பவருக்குப் படத்துக்குள் இருப்பது மட்டுமே தெரியும். அதனால் கதை சொல்லாமல் காட்டி, "கண் முதலில் எங்கே போகுது?" என்று கேளுங்கள். நண்பரின் முகத்தை விட்டுவிட்டு, அவர் தலையில் முளைத்த மாதிரி நிற்கும் விளக்குக் கம்பத்தைச் சொன்னால், இரண்டடி நகர்ந்து எடுத்திருக்கலாம் என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

விவரம் தெரிந்தவர் என்றால் ஷட்டர் வேகம் (கேமராவுக்குள் ஒளி விழும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ (ஒளியைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற அளவு) மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். 50 மி.மீ. லென்ஸில், கையில் பிடித்து, 1/15 நொடி என்ற மெதுவான வேகத்தில் எடுத்தது என்று தெரிந்தால், மங்கலுக்குக் காரணம் ஃபோகஸா கை நடுக்கமா என்று அவரால் ஊகிக்க முடியும். எடிட் செய்யாத படத்தையும் கூடவே காட்டுங்கள், கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும்.