இன்ஜினியரிங் படித்துவிட்டு அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆக, வேலையை விட வேண்டுமா?

கோவையில் மெக்கானிக்கல் படிக்கிறீர்கள், அறிவியல் புனைகதை எழுத ஆசை, வேலைக்குப் போனால் எழுத்து போய்விடுமோ என்று பயம். இதுதானே கேள்வி? தாராளமாக வேலைக்குப் போங்கள். கதைக்கான சரக்கு அங்கேதான் கிடைக்கும். தமிழில் எழுதும் வருமானத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவதும் கஷ்டம்.

அறிவியல் கதைகள் எழுதிய சுஜாதாவையே பாருங்கள். அவர் திருச்சியில் இயற்பியல் படித்தார், பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ். விமானப் போக்குவரத்துத் துறையில் பல வருடம் வேலை, அப்புறம் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். அங்கே மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. ஜீனோ என்ற இயந்திர நாய் வரும் 'என் இனிய இயந்திரா'வும் அந்த வேலையில் இருந்தபோது எழுதியதுதான்.

அந்த வாக்கு இயந்திரத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கரண்ட் இல்லாத மலைக்கிராமத்திலும் பேட்டரியில் ஓட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அமுக்க வேண்டும். நிமிடத்துக்கு ஐந்து ஓட்டுக்கு மேல் பதியாதபடியும் வைத்தார்கள். சாவடியைக் கைப்பற்றுகிறவன் கடகடவென்று குத்தித் தள்ளிவிடக் கூடாதே! மனிதன் எந்த வழியில் கைவைப்பான் என்று முன்கூட்டியே யோசிப்பது இன்ஜினியரின் தினசரி வேலை. அறிவியல் கதைக்கு உயிரே அந்த யோசனைதான்.

நான் பம்ப் தொழிலில் இருக்கிறேன். நம் பக்கம் பல இடங்களில் போர்வெல் ஆழம் ஆயிரம் அடியைத் தாண்டிவிட்டது. போருக்குள்ளே தண்ணீரில் மூழ்கி ஓடும் சப்மெர்சிபிள் மோட்டாருக்குச் சுற்றி ஓடும் தண்ணீர்தான் குளிர்ச்சி. தண்ணீர் இறங்கிய பிறகும் ஓட்டினால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் எரிந்துவிடும். அந்தச் சுருளை மறுபடி சுற்றித் தரும் ரீவைண்டிங் கடையில் பிரித்துப் பார்த்தால் கம்பியின் பிளாஸ்டிக் உறை உருகிக் கட்டியாக ஒட்டியிருக்கும். இதைத் தடுக்கத்தான் மோட்டாரை இயக்கும் பெட்டியான பேனலில், தண்ணீர் இல்லாவிட்டால் தானாக நிறுத்தும் ட்ரை ரன் பாதுகாப்பு வைக்கிறோம். அடிக்கடி நின்றுபோகிறது என்று அதைக் கழற்றிவிட்டு நேராகக் கரண்ட் கொடுத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. தென்னை காய்ந்துகொண்டிருக்கும்போது பேனல் பேச்சை யார் கேட்பார்கள்?

இதையே ஐம்பது வருடம் தள்ளி வைத்துப் பாருங்கள். ஊரில் எந்தப் போர் எவ்வளவு நேரம் ஓடலாம் என்பதை ஓர் இயந்திரம் முடிவு செய்கிறது. கணக்குப் போட்டு, அண்ணன் தோட்டத்தை நிறுத்திவிட்டுத் தம்பி தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறது. கணக்கில் பிழையே இல்லை. ராத்திரி அந்த ஒயரைப் பிடுங்கப் போவது யார்? அண்ணனா, அவர் சம்சாரமா, அதைப் பொருத்திய இன்ஜினியரேவா? இதை எழுத ராக்கெட்டும் வேண்டாம், வேற்றுக்கிரகமும் வேண்டாம்.

படிப்பு முடிந்ததும் டிசைன், சர்வீஸ் இரண்டும் கிடைத்தால் முதலில் சர்வீஸுக்குப் போங்கள். தோட்டம் தோட்டமாக அலைய வேண்டியிருக்கும். எது பழுதானது என்பதோடு, அதற்கு முன்னால் அவர்கள் அதை என்ன செய்தார்கள் என்பதையும் அன்றைக்கே குறித்து வையுங்கள். சர்வீஸ் ரிப்போர்ட்டில் அதை எழுத இடம் இருக்காதுங்க.