குளுட்டாதயோன் குறைந்தால் மாத்திரை போட்டு ஏற்றிவிடலாமா?

கேள்வி: மும்பை மாட்டுங்காவில் இருக்கும் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். ரிப்போர்ட்டில் குளுட்டாதயோன் குறைவு. மாத்திரை வாங்கித் தரலாமா?

அவசரப்படாதீர்கள். குளுட்டாதயோன் என்பது செல்களைச் சேதத்திலிருந்து காக்கும் ஓர் ஆன்டிஆக்ஸிடன்ட். குளுட்டமேட், சிஸ்டீன், கிளைசின் என்ற மூன்று அமினோ அமிலங்களையும் (புரதத்தின் அடிப்படைத் துண்டுகள்) சேர்த்து நம் செல்களே அதைத் தயாரித்துக்கொள்கின்றன. தட்டுப்பாடு பெரும்பாலும் சிஸ்டீனுக்குத்தான். மாத்திரையாக விழுங்கும் குளுட்டாதயோனில் பெரும்பகுதி குடலிலேயே உடைந்துபோகும். அதனால்தான் மருத்துவர்கள் சிஸ்டீனைத் தரும் என்-அசிட்டைல்சிஸ்டீன் பக்கம் போகிறார்கள். பாராசிட்டமால் அளவு மீறிக் கல்லீரலின் குளுட்டாதயோன் தீர்ந்துபோகும்போது உயிரைக் காப்பது இதுதான். சளிக்குத் தண்ணீரில் நுரைக்கக் கரைத்துக் குடிக்கும் 600 மில்லிகிராம் மாத்திரையும் இதேதான்.

சரி, சர்க்கரை நோய்க்கு? இந்த நோயில் குளுட்டாதயோன் குறைவது வழக்கம். என்-அசிட்டைல்சிஸ்டீனைக் கிளைசினோடு சேர்த்துக் கொடுத்த சிறிய ஆய்வுகளில் அளவு ஏறியது. ஆனால் ரிப்போர்ட்டில் எண் ஏறுவது வேறு, நோய் குறைவது வேறு. ஆன்டிஆக்ஸிடன்ட்தானே, என்ன கெடுதல் என்றும் நினைக்க வேண்டாம்: 1994-இல் வெளியான பின்லாந்து ஆய்வில், பீட்டா கரோட்டின் என்ற இன்னொரு ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை சாப்பிட்ட புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. (நிறம் வெளுக்க அழகு கிளினிக்குகளில் ஏற்றும் குளுட்டாதயோன் டிரிப் பக்கம் போகவே போகாதீர்கள்.)

முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். அப்பா நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின் எடுத்தாலோ ஆஸ்துமா இருந்தாலோ டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நைட்ரோகிளிசரினோடு என்-அசிட்டைல்சிஸ்டீன் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம்.