கல் இருக்கிறது, வலி இல்லை

கேள்வி: எனக்கு 46 வயது. கர்ப்பப்பைக் கட்டிக்காக ஸ்கேன் எடுத்தபோது, பித்தப்பையில் 9 மில்லிமீட்டர் அளவில் ஒரு கல் இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. இதுவரை வயிற்றுவலி என்று படுத்ததே இல்லை. 'உள்ளேயே வெடித்துவிடும், சீக்கிரம் எடுத்துவிடுங்கள்' என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். 'வாழைத்தண்டு சாறு குடித்தால் கரைந்துவிடும்' என்கிறார் நாத்தனார். யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம் அம்மா.

நாத்தனார் சொன்னதை முதலில் முடித்துவிடுவோம். வாழைத்தண்டைச் சிறுநீரகக் கல்லுக்குத்தான் நம் வீடுகளில் சொல்வார்கள். சிறுநீர் போகும் பாதை வேறு, பித்தநீர் போகும் பாதை வேறு. கூட்டு வைத்துச் சாப்பிடுங்கள், நார்ச்சத்து நல்லது. கல் கரையாது.

கல்லீரல் ஒரு நாளைக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் பித்தநீரைச் சுரக்கிறது. அதில் ஒரு பங்கை வாங்கி, தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி வைத்துக்கொள்வது பித்தப்பை. கல்லீரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பை அது. நெய்யோ எண்ணெயோ குடலுக்கு வந்தால் சுருங்கிப் பித்தநீரைப் பீய்ச்சும். பித்தநீரில் கொலஸ்டிரால் அளவுக்கு மீறினாலோ, பை சரியாகக் காலியாகாமல் தேங்கினாலோ, கற்கண்டுப் பாகில் நூலைச் சுற்றிப் படிகம் கட்டுவது போல மெல்ல மெல்லக் கல் கட்டும். இரத்த அணுக்கள் அதிகமாக உடையும் நோய் உள்ளவர்களுக்குக் கன்னங்கரேலென்று வேறு வகைக் கல் வரும். பெண்களுக்கு, அதிலும் பிள்ளை பெற்றவர்களுக்கு, அதிகம். உடம்பு பருத்தாலும் வரும், பட்டினி கிடந்து மளமளவென்று எடையைக் குறைத்தாலும் வரும்.

உங்கள் கல்லுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'சத்தமில்லாத கல்'. இப்படிப்பட்ட நூறு பேரில், ஒரு வருடத்தில் ஒருவருக்கோ இருவருக்கோதான் வலி தொடங்கும். பெரும்பாலானோர் கல்லோடு வாழ்ந்து, வேறு ஏதோ காரணத்தால்தான் கடைசியில் போய்ச் சேர்கிறார்கள். அதனால் வலியில்லாத கல்லுக்கு நான் கத்தியை எடுப்பதில்லை. கல் 3 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, பையின் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தாலோ, கூடவே 1 சென்டிமீட்டர் அளவில் பாலிப் (பையின் உள்சுவரில் முளைக்கும் சதை) இருந்தாலோ கதை வேறு. அப்போது புற்றுநோய்ப் பயம் உண்டு, வலி இல்லாவிட்டாலும் எடுக்கச் சொல்வேன். உங்கள் ரிப்போர்ட்டில் அப்படி ஒன்றும் இல்லையென்றால் ஃபைலில் வைத்துவிட்டுக் கட்டியைக் கவனியுங்கள்.

கேள்வி: வயது 52. ஒரு ஹோட்டலில் கணக்கு எழுதுகிறேன். இரவு பரோட்டா சாப்பிட்டுப் படுத்தால், நடு இரவில் நெஞ்சுக்குழியில் பிடித்து வலது தோள்பட்டை வரை வலிக்கிறது. இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுத் தானாகப் போய்விடுகிறது. மூன்று முறை இப்படி வந்தபின் ஸ்கேன் எடுத்தேன். பித்தப்பையில் நிறையப் பொடிக் கற்கள். பையையே எடுக்க வேண்டும் என்கிறார்கள். கிட்னி கல்லை உடைத்து எடுப்பது போலக் கல்லை மட்டும் எடுக்க முடியாதா? ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்து நண்பர் ஒருவர் பச்சைப் பச்சையாகக் கற்களை வெளியேற்றியிருக்கிறார். நானும் செய்து பார்க்கலாமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் வலது தோள்பட்டை தானாகச் சிலிர்த்துக்கொண்டது. நானும் பித்தப்பை இல்லாத ஆள்தான்.

ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் ஆபரேஷன் செய்த நான், எனக்கு வந்ததை 'கேஸ்' என்று எட்டு மாதம் ஏமாற்றிக்கொண்டிருந்தேன். கைப்பையில் எப்போதும் வாயு மாத்திரை. ஒரு வளைகாப்பில் நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கலை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இரவு ஒரு மணிக்கு உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கணவர் மாரடைப்பு என்று பயந்து ஈசிஜி எடுக்க வைத்தார். அவர் செய்ததுதான் சரி. உங்கள் வயதில் நெஞ்சுக்குழி வலி என்றால் முதலில் இதயம்தானா என்று பார்த்துவிட வேண்டும். மறுநாள் ஸ்கேனில் கற்கள் தெரிந்தன. என்னிடம் படித்த பெண்தான் எனக்கு ஆபரேஷன் செய்தாள். பதினேழு கற்கள், பச்சைப்பயறு அளவில், பட்டை தீட்டியது போல. இன்னும் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் வைத்திருக்கிறேன், வாயு மாத்திரை தின்பவர்களுக்குக் காட்ட.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கல்லை மட்டும் எடுக்கும் வேலையை 19ஆம் நூற்றாண்டிலேயே செய்து பார்த்துவிட்டார்கள். பையைத் திறந்து கல்லைப் பொறுக்கிவிட்டுத் தைத்துவிடுவார்கள். கல் மறுபடி கட்டும். 1882ஆம் ஆண்டு ஜூலையில் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் என்பவர்தான் முதன்முதலில் பையையே எடுத்தார். கல்லை உண்டாக்குகிற இடமே பைதான் என்பது அவர் வாதம். இன்றைக்கும் அதற்கு எதிர்வாதம் கிடையாது. கிட்னி கல்லை உடைத்தால் துகள்கள் சிறுநீரோடு போய்விடும். பித்தப்பைக் கல்லை உடைத்தால் துகள்கள் பித்தக்குழாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அது அகலம் குறைந்த குழாய், அதன் வாய் இன்னும் குறுகல்.

அதனால்தான் உங்கள் பொடிக் கற்களைப் பார்த்து எனக்குக் கவலை. பெரிய கல் பைக்குள்ளேயே உருண்டுகொண்டிருக்கும், பொடிக்கல் நழுவிக் குழாய்க்குள் இறங்கிவிடும். அங்கே அடைத்தால் மஞ்சள் காமாலை. கணையத்தின் வாசலில் அடைத்தால் கணைய அழற்சி, அது உயிரோடு விளையாடுகிற நோய். குழாயில் இறங்கிய கல்லை வாய் வழியாகக் குழாய் விட்டு எடுக்கும் 'இஆர்சிபி' முறை இருக்கிறது. ஆனால் பை இருக்கும்வரை இன்னொரு கல் இறங்கலாம்.

உங்கள் நண்பர் பார்த்த பச்சைக் கற்களும் அசல் கற்கள் இல்லை. எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடலில் சேர்ந்து சோப்பு போலத் திரண்ட கட்டிகள் அவை. இதே வைத்தியம் செய்துகொண்ட ஒரு பெண் கொண்டுவந்த 'கற்களை' நியூசிலாந்து மருத்துவர்கள் சோதித்து, 2005இல் லான்செட் இதழில் எழுதினார்கள். அவற்றில் கொலஸ்டிராலே இல்லை. நண்பரை இன்னொரு முறை ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள், கல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

கரைக்கும் மாத்திரை ஒன்று உண்டு, அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம். சின்ன, சுண்ணாம்பு ஏறாத கொலஸ்டிரால் கல்லுக்கு மட்டும், மாதக்கணக்கில், சிலருக்கு இரண்டு வருடம்கூடச் சாப்பிட வேண்டும். கரைந்தாலும் ஐந்து வருடத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்பி வருகிறது. ஆபரேஷன் தாங்காத உடம்புக்கு மட்டுமே எழுதித் தருவேன்.

ஆபரேஷன் என்றால் என் அம்மாவுக்குச் செய்தது போல விலாவுக்குக் கீழே ஒரு சாண் வெட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பத்து நாள் வார்டில் கிடந்தார். இப்போது நாலு துளைதான். கார்பன் டை ஆக்சைடு செலுத்தி வயிற்றை உப்ப வைத்து, கேமரா விட்டு, பையின் குழாய்க்கும் இரத்தக் குழாய்க்கும் கிளிப் போட்டு, பெரும்பாலும் தொப்புள் வழியாகப் பையை வெளியே எடுப்போம். மறுநாளோ அதற்கடுத்த நாளோ வீட்டுக்குப் போகலாம். இரண்டு நாள் தோள்பட்டை வலிக்கும், அது அந்த வாயுவின் வேலை.

ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆயிரம் பேரில் மூன்று முதல் ஐந்து பேருக்குப் பொதுப் பித்தக்குழாயில் காயம் படலாம். சில நேரம் உள்ளே ஒட்டிக்கிடந்தால் துளையை விட்டுவிட்டுத் திறந்துதான் செய்ய வேண்டிவரும். அதை டாக்டரின் தோல்வி என்று நினைக்காதீர்கள், நிதானமுள்ளவர் என்று அர்த்தம். பை சீழ் பிடித்த பிறகு போனால் இந்தச் சிக்கல்கள் எல்லாம் கூடும். அதனால் நான்காவது வலிக்குக் காத்திருக்காமல் நாள் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் கண் மஞ்சளானாலோ, குளிர்க்காய்ச்சல் வந்தாலோ, வலி ஆறு மணி நேரத்துக்கு மேல் நின்றாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். பரோட்டாவுக்கும் கொஞ்ச நாள் லீவு கொடுங்கள்.

கேள்வி: மனைவிக்குப் பித்தப்பையை எடுத்து ஒரு மாதம் ஆகிறது. முட்டை, எண்ணெய் எதுவும் ஆயுளுக்கும் ஆகாது என்கிறார் மாமியார். உள்ளே கிளிப் இருப்பதால் எம்ஆர்ஐ எடுக்கக் கூடாதாமே?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: முட்டை கொடுங்கள். பை போனாலும் கல்லீரல் பித்தநீரைச் சுரந்துகொண்டுதான் இருக்கும், நேராகக் குடலுக்குச் சொட்டும். சிலருக்குக் கொஞ்ச நாள் சாப்பிட்டதும் வயிறு இளகிப் போகும். எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போனால் பழகிவிடும். ஆயுள் பத்தியமெல்லாம் இல்லை. கிளிப் பெரும்பாலும் டைட்டானியம், எம்ஆர்ஐ எடுக்கலாம். ஸ்கேன் அறையில் சொல்லிவிட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியையும் காட்டுங்கள்.