யாருடைய எலும்பு? – கடிதம்

வணக்கம்.

உங்கள் மருத்துவக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். அம்மாவுக்கு 56 வயது. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றின் ஓரத்தில் ஈறு வீங்குவதும் சீழ் வருவதுமாக இருக்கிறது. எக்ஸ்ரே பார்த்த பல் டாக்டர், பல்லை எடுக்க வேண்டாம், ஈறைத் திறந்து சுத்தம் செய்து, எலும்பு கரைந்த இடத்தில் ‘போன் கிராஃப்ட்’ பொடி போட்டு, மேலே ஒரு மெம்பரேன் வைத்துத் தைத்துவிடலாம் என்றார். ரத்தம் எடுத்து அதிலிருந்து பிஆர்எஃப் என்று ஒன்று செய்தும் சேர்க்கலாமாம்.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “அது யாருடைய எலும்பு?” டாக்டர் சிரித்துக்கொண்டே, “அதெல்லாம் நல்லா சுத்தம் பண்ணித்தான் வருது” என்று முடித்துவிட்டார். அம்மா பிறந்ததிலிருந்து சைவம். வீட்டுக்கு வந்ததிலிருந்து சரியாகப் பேசவில்லை. அந்தப் பொடி உண்மையிலேயே எலும்பாக மாறுமா? இல்லை, வீண் செலவா?

எஸ்.,
கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

அம்மா கேட்டது சரியான கேள்வி. சிரித்துவிட்டுக் கடக்கக் கூடியதல்ல. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

போன் கிராஃப்ட் என்று சொல்வது ஒரே பொருளை அல்ல. நோயாளியின் தாடையிலிருந்தே சுரண்டி எடுக்கும் எலும்பு உண்டு. இறந்தவர்கள் தானமாகத் தந்த மனித எலும்பு உண்டு. மாட்டெலும்பு உண்டு. முழுக்க ஆய்வுக்கூடத்தில் செய்ததும் உண்டு. இவற்றில் உலகெங்கும் அதிகம் புழங்குபவற்றுள் ஒன்று மாட்டெலும்புப் பொடி. சூட்டாலும் ரசாயனத்தாலும் புரதம், கொழுப்பு எல்லாவற்றையும் நீக்கி, எலும்பின் தாதுக்கூட்டை மட்டும் மிச்சம் வைத்திருப்பார்கள். மேலே வைக்கும் மெம்பரேன் என்ற மெல்லிய சவ்வு பெரும்பாலும் பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுத்த கொலாஜன் என்ற புரதம். மீன் கொலாஜனும் கிடைக்கிறது. வேரின் மேல் தடவும் எம்டோகெய்ன் என்ற ஜெல்லில் இருப்பது, பன்றியின் முளைக்கும் பற்களிலிருந்து எடுத்த புரதம். சுத்தம் செய்துதான் வருகிறது என்று டாக்டர் சொன்னது பொய்யில்லை. நோய்த்தொற்று வருமோ என்று பயப்படுகிறவருக்கு அது பதில். அம்மா கேட்டது வேறு.

என் அப்பாவுக்கும் இதே சிகிச்சை நடந்தது. என்ன வைக்கப் போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. சில மாதங்கள் கழித்து, ஃபைலில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தபோதுதான் மாட்டெலும்பு என்று தெரிந்தது. பல் நன்றாகவே நின்றது. ஆனால் அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. அதன்பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. முன்கூட்டியே ஒரு நிமிடம் சொல்லியிருந்தால் வேறு பொடி கேட்டிருப்பார். எனக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

வேறு பொடி இருக்கிறது என்பதால்தான் இதைச் சொல்கிறேன். ஹைட்ராக்ஸிஅபடைட், ட்ரைகால்சியம் பாஸ்பேட் இரண்டும் எலும்பில் இருக்கும் அதே கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கொண்டு செய்தவை. பயோகிளாஸ் என்ற கண்ணாடியும் உண்டு. 1969இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஹென்ச் அதைச் செய்தார். உடலுக்குள் வைக்கும் பொருள் யாரோடும் சேராமல் சும்மா கிடப்பதே நல்லது என்று நினைத்திருந்த காலம் அது. எலியின் தொடை எலும்பில் ஹென்ச்சின் கண்ணாடியை வைத்து ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், பிடுங்கவே முடியவில்லை, எலும்போடு பிணைந்துவிட்டது. திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் ஹைட்ராக்ஸிஅபடைட்டையும் பயோகிளாஸையும் சேர்த்துக் குருணைகள் உருவாக்கியிருக்கிறார்கள். மாட்டெலும்பைப் பற்றித்தான் ஆய்வுகள் அதிகம் என்பது உண்மை. அதற்காகச் செயற்கைப் பொடியை இரண்டாந்தரம் என்று ஒதுக்கிவிட மாட்டேன்.

சரி, பொடி எலும்பாக மாறுமா? மாறாது. அது இடம் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த வேலை சின்ன வேலை இல்லை.

ஈறைத் திறந்து சுத்தம் செய்து அப்படியே தைத்துவிட்டால், முதலில் ஓடி வருவது ஈறின் மேல்தோல் செல்கள். வாய்க்குள் மிக வேகமாக வளர்பவை அவை. வேரை ஒட்டிக் கீழே இறங்கி மூடிவிடும். புண் ஆறியது போலத் தெரியும், ஆனால் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே இருந்த பிடிப்பு திரும்பாது. பல்லைத் தாங்கும் நார்களையும் எலும்பையும் உருவாக்கும் செல்கள் மெதுவானவை, வந்து சேர்வதற்குள் இடம் போய்விடும். வேரின் மேல் எந்தச் செல்கள் முதலில் குடியேறுகின்றனவோ அவைதான் அந்தப் புண் எப்படி ஆறும் என்பதைத் தீர்மானிக்கின்றன என்ற கருத்தை மெல்ச்சர் என்ற ஆய்வாளர் 1976இல் எழுதினார். 1982இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஸ்டூரே நீமனும் அவரது குழுவினரும் அதை மனிதரிடமே சோதித்தார்கள். ஆய்வுக்கூடத்து வடிதாள் ஒன்றை வெட்டி, ஒரு கீழ் முன்பல்லின் வேருக்கும் ஈறுக்கும் நடுவே வைத்துத் தைத்தார்கள். மூன்று மாதம் கழித்து அந்தப் பல்லை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், நோயால் பிடிப்பை இழந்திருந்த வேரின் மேல் புதிய நார்கள் ஊன்றியிருந்தன.

நம் ஊர் பேருந்து நிலையத்தில் கூட்டம் ஏறுவதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிடுவோம் இல்லையா, மெதுவாக நடந்து வரும் பாட்டிக்காக? மெம்பரேன் அந்தத் துண்டுதான். மேலிருந்து ஈறு சரிந்து குழியை அடைத்துவிடாமல் பொடி உள்ளிருந்து தாங்குகிறது. அந்த நிழலில் எலும்புச் செல்கள் நிதானமாக வந்து உட்காருகின்றன.

மெம்பரேனுக்குக் கொலாஜனை ஏன் தேர்ந்தார்கள் என்று கேட்டால் எனக்கு ஒரு சென்னைக் கதை நினைவுக்கு வரும். கொலாஜனின் அமைப்பைக் கண்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கங்காரு வாலின் தசைநாரை எக்ஸ்ரேயில் வைத்துப் படமெடுத்து, மூன்று இழைகள் பின்னிய கயிறு அது என்று 1950களின் நடுவில் சொன்னார்கள். ஒவ்வொரு இழையிலும் அடுத்தடுத்து வரும் அமினோ அமிலங்களில் மூன்றுக்கு ஒன்று கிளைசின் என்ற மிகச் சிறிய அமிலம். அது சிறியதாக இருப்பதால்தான் மூன்று இழைகளும் அவ்வளவு நெருக்கமாக முறுக்கிக்கொள்ள முடிகிறது. நம் ஈறும் எலும்பின் சட்டகமும் இதே கயிற்றால் ஆனவை. ரத்தத்தின் தட்டணுக்கள் இதன் மேல் உடனே ஒட்டிக்கொள்ளும், ரத்தக்கட்டி நகராமல் நிற்கும். வேலை முடிந்ததும் உடலே கரைத்துவிடும். ஆரம்ப கால டெஃப்லான் மெம்பரேன்களை எடுக்க ஈறை மறுபடியும் திறக்க வேண்டியிருந்தது.

பிஆர்எஃப் பற்றி அம்மாவுக்கு மனத்தடை இருக்க வேண்டியதில்லை, அது அவருடைய ரத்தமேதான். 2001இல் பிரான்ஸில் ஜோசப் ஷுக்ரூன் கொண்டுவந்த முறை. உறைவதைத் தடுக்கும் மருந்து எதுவும் சேர்க்காத குழாயில் ரத்தத்தை எடுத்து உடனே சுழற்றினால், அடியில் சிவப்பணுக்களும் மேலே நீர்த்த பிளாஸ்மாவும் நிற்க, நடுவில் ஜெல்லி போன்ற ஃபைப்ரின் கட்டி திரளும். அதில் சிக்கிய தட்டணுக்கள் புண் ஆறத் தூண்டும் பொருட்களை நாட்கணக்கில் கசியவிடும். ஈறு ஆறுவதற்கு நல்லது. ஆனால் மெத்தென்ற பொருள், சீக்கிரம் கரையும். பெரிய குழியை அது தனியாகத் தாங்காது. அதனால்தான் பொடியோடு கலக்கிறார்கள்.

வீண் செலவா என்பது பொருளைவிடக் குழியின் வடிவத்தைப் பொறுத்தது. வேரை ஒட்டி எலும்பு கிணறு போலக் குறுகலாக, ஆழமாகக் கரைந்திருந்தால், சுற்றிலும் எலும்புச் சுவர் இருப்பதால் பொடி நிற்கும், செல்கள் வரவும் வழியுண்டு. குழி 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ ஆழமாக இருந்து, வேரைச் சுத்தம் செய்த பிறகும் ஈறுப் பை, அதாவது பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விழுந்த இடைவெளி, ஆழமாகவே நீடித்தால் இந்தச் சிகிச்சையைச் செய்யலாம் என்றுதான் 2020இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலும் சொல்கிறது. வரப்பு கரைந்ததுபோல் எல்லாப் பல்லைச் சுற்றியும் எலும்பு ஒரே மட்டமாக இறங்கியிருந்தால் பொடி பெரிதாக எதையும் மீட்டுத் தராது. “கிணறா, மட்டமா?” என்று எக்ஸ்ரேயைக் காட்டிக் கேளுங்கள். வேர் வரை சுத்தம் செய்து சில வாரங்கள் விட்டு மறுபடி அளந்து பார்த்தார்களா என்றும் கேளுங்கள். பல சமயம் அதிலேயே வீக்கம் வடிந்து பையின் ஆழம் குறைந்துவிடும். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் கத்தி.

அப்புறம், அம்மாவிடம் மறைக்காதீர்கள். பொடி எது, மெம்பரேன் எது, ஒவ்வொன்றும் எதிலிருந்து வந்தது என்று பெட்டியில் எழுதியிருக்கும். அந்தப் பெட்டிகளை அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாளே காட்டச் சொல்லுங்கள். செயற்கைப் பொடியும் பிஆர்எஃபும் போதும், விலங்கு மெம்பரேன் வேண்டாம் என்று அம்மா சொன்னால், அந்தக் குழிக்கு அது சரிப்படுமா என்று டாக்டர் சொல்லட்டும். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வாய் அவருடையது.

புது எலும்பு எக்ஸ்ரேயில் தெரிய ஆறு மாதமாவது ஆகும். அதுவரை அந்த இடத்தைக் குச்சி கொண்டு குத்திப் பார்க்க விடாதீர்கள். எக்ஸ்ரே எடுத்ததும் எழுதுங்கள்.