வெறும் 1500

கேள்வி: மூன்று வருடம் விடாமல் செஸ் ஆடி, 1100-ல் இருந்து இப்போதுதான் 1500 ரேட்டிங்கைத் தொட்டேன். நண்பனிடம் சொன்னால் 'வெறும் 1500தானே, இதெல்லாம் ஒரு சாதனையா?' என்கிறான். நீங்களே சொல்லுங்கள், சாதனையா இல்லையா?

பதில்: சாதனை இருக்கட்டும், அந்த 'வெறும்' எங்கிருந்து வந்தது? வெறும் வயிறு என்றால் வயிற்றில் ஒன்றும் இல்லை. வெறும் பானை என்றால் பானையில் ஒன்றும் இல்லை. வெறுங்கை முழம் போடுமா என்று கேட்டால் கையில் ஒன்றும் இல்லை. வெறும் 1500 என்றால்? உள்ளே ஆயிரத்து ஐந்நூறு இருக்கிறதே ஐயா! நிறைந்த பானையைக் காட்டி வெறும் பானை என்கிறவரிடம் எப்படிப் பேசுவது? இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய பகை. 'ஜஸ்ட் பாஸ்' என்று சொல்லாதீர்கள், பாஸ் என்றால் பாஸ் என்று இதே பக்கத்தில் ஒருமுறை எழுதியதற்கு, தரத்தையே கெடுக்கிறேன் என்று கடிதம் கடிதமாகத் திட்டினார்கள். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

சரி, கணக்குக்கு வருவோம். ரேட்டிங் என்பது யாரோடு ஆடி என்ன முடிவு வந்தது என்பதை வைத்துப் போடுகிற ஆட்டத்திறன் எண். எந்தத் தளத்தில், எந்தப் போட்டியில் வாங்கிய 1500 என்று நீங்கள் சொல்லவில்லை. அது முக்கியம். லிசெஸ் என்ற இணையதளத்தில் கணக்குத் தொடங்கினாலே 1500தான், ஆடிப் பார்த்த பிறகுதான் ஏறும் இறங்கும். சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் பட்டியலில் 2024 மார்ச் முதல் 1400-க்குக் கீழே ரேட்டிங்கே கிடையாது. ஆக, ஓரிடத்து 1500-ஐ இன்னோரிடத்து 1500-ஓடு ஒப்பிட்டால் தப்பாகத்தான் போகும். ஆனால் ஒரே இடத்தில் 1100-ல் இருந்து 1500 வரை ஏறியிருக்கிறீர்கள் என்றால் அதற்கு ஓர் உறுதியான அர்த்தம் உண்டு. ரேட்டிங்கில் 400 வித்தியாசம் இருந்தால், மேலே இருப்பவர் 11 ஆட்டத்தில் சுமார் 10 புள்ளி (வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை) எடுப்பார் என்கிறது ரேட்டிங் போடுகிற எலோ கணக்கு. அதாவது மூன்று வருடத்துக்கு முந்தைய நீங்கள் வந்து எதிரே உட்கார்ந்தால், பதினோரு ஆட்டம் ஆடி அந்த ஆளுக்கு ஒரு புள்ளி மிஞ்சினால் அதிகம். பாட்டிலோ எழுத்திலோ பழைய ஆளை இப்படி எதிரே உட்கார வைத்து எண்ணிச் சொல்ல முடியுமா? எனக்கு செஸ் பிடித்ததற்கே இதுதான் காரணம்.

நண்பர் உச்சியில் இருந்து அளக்கிறார். அப்படியே அளப்போம். உலக சாம்பியனாக இருந்த கார்ல்சன் 2014 மே மாதத்தில் தொட்ட உச்சம் 2882. செஸ்ஸின் உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டருக்கு எட்ட வேண்டிய ரேட்டிங் 2500. நடுவில் 382. நீங்கள் ஏறியது 400! மேலே போகப் போக ஒவ்வொரு புள்ளிக்கும் உயிர் போகும், கீழே அவ்வளவு இல்லை, அதை மறுக்கவில்லை. ஆனால் இடைவெளி இடைவெளிதான். அதில் யாரும் சும்மா தூக்கிக் கொடுத்தது எவ்வளவு? எதிரே உட்கார்ந்தவர் ஒவ்வொருவரும் தோற்கக் கூடாது என்றுதான் வந்திருப்பார்.

ஒன்று கேட்கிறேன், உங்கள் நண்பர் ஆடுவாரா? ஆடுகிறவர் இப்படிச் சொல்ல மாட்டார். ஒரு நகர்த்தல் கண்ணில் பட்டதும் கை தானாகக் காயை நோக்கிப் போகும். அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, 'நான் இதை வைத்தால் அவர் என்ன வைப்பார்' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள எனக்கு நாலு வருடம் பிடித்தது. அதுவரை வாரத்துக்கு ஒரு குதிரையாவது சும்மா போய்க்கொண்டிருந்தது. ராஜாவும் யானையும் சிப்பாயும் மட்டும் மிஞ்சிய, ஜெயித்திருக்க வேண்டிய முடிவாட்டம் ஒன்றை டிரா செய்துவிட்டு அன்றிரவு தூங்காமல் கிடந்திருக்கிறேன். சிப்பாய் 7-ஆம் வரிசையில், ராஜா அதற்கு முன்னால், ஒரே ஒரு கட்டம் போனால் ராணி, ஆனால் ராஜா வெளியே வந்தால் எதிராளியின் யானையிடமிருந்து செக், மறுபடி செக், மறுபடி செக். பிறகுதான் படித்தேன்: முதலில் யானையை 4-ஆம் வரிசைக்குக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அப்புறம் ராஜா செக் வாங்கிக்கொண்டே படிப்படியாக இறங்கி வரும், கடைசி செக்குக்கு அந்த யானை குறுக்கே வந்து நிற்கும். பாலம் கட்டுவது என்பார்கள். ஆறு மாதம் கழித்து அதே நிலை மறுபடி வந்தது. யானையை 4-ஆம் வரிசையில் வைத்தபோது விரல் நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

இதற்கு லுசேனா நிலை என்று பெயர். ஸ்பெயின்காரர் லுசேனா எழுதிய 1497 செஸ் புத்தகத்தில் இது இல்லவே இல்லை! 1634-ல் வந்த இத்தாலியர் சால்வியோவின் புத்தகத்தில்தான் இருக்கிறது. செய்யாதவருக்குப் பெயர் போய்ச் சேர்ந்தது ஒரு பக்கம் என்றால், செய்தவர் பெயரையே சுருக்கெழுத்து என்று நினைப்பது இன்னொரு பக்கம். ஈ.எல்.ஓ. என்று நடுவில் புள்ளி வைத்து எழுதாதீர்கள் என்று எங்கள் அலுவலகத்திலேயே எத்தனை தடவை சொல்வது? எலோ ஒரு மனிதர். அர்பாத் எலோ, ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர், விஸ்கான்சின் மாநில சாம்பியன் பட்டத்தை எட்டு முறை வென்றவர். ரேட்டிங் போடுவது, தண்ணீரில் ஆடுகிற தக்கையை, காற்றில் ஆடும் கயிற்றில் கட்டிய அளவுகோலால் அளப்பது போல என்று அவரே எழுதியிருக்கிறார். ஆகவே அடுத்த வாரம் 1460 என்று காட்டினால் பதறாதீர்கள், தக்கை கொஞ்சம் ஆடுகிறது, அவ்வளவுதான்.

சாதனைதான். 1500-ஐத் தாண்டிய அந்த ஆட்டத்தின் நகர்த்தல்களை எழுதி வைத்திருந்தால் எனக்கு அனுப்புங்கள். முடிவாட்டம் எப்படிப் போனது என்று பார்க்க வேண்டும்.